பறங்கிக்காய்ப் பால்கறியும் வெள்ளை வைனும்

தொரசாணி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதம் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. மேசைக்குப் போன தட்டு பாதிக்கு மேல் அப்படியே குசினிக்குத் திரும்பி வரும். அப்பு அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அப்பு என்று நாங்கள் சொன்னது பங்களாவின் தலைமைச் சமையல்காரரை. கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய தொரைக்குப் பல வருஷமாக ஒரே மாதிரி சமைத்து வந்தவர். வாட்டிய மாட்டிறைச்சி, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த கோவா என்கிற முட்டைக்கோஸ், கடைசியில் கஸ்டர்ட். தொரை அதை விஸ்கியோடு சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். தலை நரைக்கும் வரை தனியாக இருந்த மனிதர். சீமைக்கு லீவில் போன இடத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அவர்தான் தொரசாணி.

நான் அந்தக் குசினியில் அப்புவுக்குக் கையுதவி. கந்தப்பளைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். கொழுந்தெடுக்கப் போன இடத்தில் நான் வழுக்கி விழுந்து முழங்கால் முறிந்தது; அது கோணலாகவே பொருந்திவிட்டது. மலை ஏற முடியாமல், நாங்கள் குடியிருந்த வரிசைக் குடியிருப்பான லயத்தில் கிடந்தவளை, வெளிவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா இரக்கப்பட்டுப் பங்களாவில் சேர்த்துவிட்டார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு பேக்டரியில், கொழுந்தை நசுக்குகிற ரோலரில் வேலை. இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று நாங்களே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றாகிப் போன காலம் அது.

தொரசாணி இங்கிலீஷ்காரி இல்லை. பிரான்சும் ஜெர்மனியும் ஒட்டுகிற எல்லையில் ஒரு கிராமத்தில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். சண்டைக் காலத்தில் அவர் தம்பியை ஜெர்மன்காரர்கள் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்கள். ரஷ்யப் பக்கம் போன பையன் திரும்பி வரவேயில்லை. சண்டை முடிந்து பட்டாளத்தோடு அந்தப் பக்கம் போயிருந்த தொரையின் உறவுக்காரர் ஒருவர் மூலமாகத்தான் இந்தச் சம்பந்தம் வந்ததாக அப்பு சொன்னார்.

அவர் வந்த கப்பலிலேயே சில மரப்பெட்டிகளும் வந்தன. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து தோட்டத்து லொறியில் ஏற்றி வந்தார்கள். வைக்கோலை விலக்கினால் கழுத்து நீண்ட பச்சைப் போத்தல்கள். அவருடைய அப்பா தன் கொடிகளிலிருந்து எடுத்த வெள்ளை வைன்; பிறகும் வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டிருந்தார். தொரைக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "பூத்தண்ணி" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். தொரசாணி சிரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி வைத்துக்கொள்வார். மாட்டிறைச்சியை ஒரு துண்டு வெட்டுவார். வைனை ஒரு வாய் உறிஞ்சுவார். இரண்டையும் தள்ளி வைத்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் குசினிக்குப் பின்னால் உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பறங்கிக்காய்ப் பால்கறி. இஞ்சி தட்டிப் போட்டு, ரம்பை இலையும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் சேர்த்து, தேங்காய்ப்பாலில் வேக வைத்தது. நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தால் தொரசாணி நிற்கிறார். பயந்துபோய் எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, என் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு பறங்கிக்காயை விரலால் எடுத்து வாயில் போட்டார்.

அடுத்த நிமிஷம் எழுந்து உள்ளே ஓடினார். தொரசாணிக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, என் வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவர் போத்தலும் இரண்டு கிளாசுமாகத் திரும்பி வந்தார். இன்னொரு துண்டு சாப்பிட்டார், ஒரு வாய் வைன் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு என் கிண்ணத்தை வாங்கிக் கடைசி வரை வழித்துச் சாப்பிட்டார். அன்றைக்கு நான் வெறும் சோறுதான் சாப்பிட்டேன்.

எனக்கும் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். தவறணையிலிருந்து வருகிற ஆண்களின் சாராய நாற்றம்தான் எனக்குத் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கப் பார்த்தேன். அவர் என் கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். மணந்து பார்த்தேன். ரோசாப்பூ, ஜம்புப் பழம், நாரத்தைத் தோல், எங்கேயோ கொஞ்சம் இஞ்சி. வாயில் முதலில் ஓர் இனிப்பு வந்தது. விழுங்கும்போது அது புளிப்பாகிப் போய்விட்டது. பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாசம் இப்போதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் தொரை மலைக்குப் போனதும் தொரசாணி குசினிக்கு வந்துவிடுவார். எங்கள் சாப்பாட்டில் எது அந்த வைனுக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்ப்போம். குளிர்பெட்டியில் வைத்தால் வாசம் செத்துவிடும் என்பார். அதனால் போத்தலைத் துணிப்பையில் போட்டுப் பின்பக்கத்தில் மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரில் கட்டித் தொங்கவிடுவது என் வேலை. மலைத் தண்ணீரின் குளிர் அதற்குச் சரியாக இருந்தது.

தமிழை அவர் என்னிடம்தான் கற்றுக்கொண்டார். நான் அவரிடம் 'வாங்க, சாப்பிடுங்க' என்று பேசியதைக் கேட்டுக் கற்றதால் எல்லாவற்றையும் மரியாதையாகவே சொல்வார். நாயைப் பார்த்து, "உள்ள வராதீங்க" என்பார். கருவாட்டுக் குழம்போடு வைனைக் குடித்துப் பார்த்த நாளில் முகத்தைச் சுளித்து, "கருவாடு வைனை அடிக்கிறாங்க" என்றார். அப்புவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

கருவாடு சேரவில்லை. புளி கரைத்து ஊற்றிய எதுவும் சேரவில்லை. வைன் வெறும் தண்ணீராகிப் போனது. காய்ந்த மிளகாய் இடித்துச் செய்கிற கட்டச்சம்பலின் உறைப்பில் அது நாக்கைச் சுட்டது. மிளகாயை விதை நீக்கிப் பச்சையாக ஒன்றிரண்டு போட்டால் மட்டும் பரவாயில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்த எல்லாம் சேர்ந்தன. இஞ்சியும் கொத்தமல்லியும் அரைத்து வைத்த வெள்ளைக் கோழிக்கறி மிக நன்றாகச் சேர்ந்தது. தொரை ஓடையில் தூண்டில் போட்டுப் பிடித்து வரும் டிரவுட் மீனைப் பால்கறியாக வைத்தபோது தொரசாணி அன்றைக்கு இரண்டு கிளாஸ் குடித்தார். அவர் ஊர்ச் சாப்பாடும் இரண்டு செய்யக் கற்றுக்கொண்டேன். ஒன்று, மெல்லிய மாவில் பாலாடையும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்சை நறுக்கியும் பரப்பி அடுப்பில் சுடுவது. இன்னொன்று, கோவாவைச் சன்னமாக அரிந்து உப்புப் போட்டுச் சாடியில் அமுக்கிப் புளிக்க வைப்பது. அந்தக் கோவாவும் பன்றி இறைச்சியும் இருந்தால்தான் இந்த வைனுக்கு வீட்டு நினைவு வரும் என்று அவர் சொன்னார்.

டவுனில் எங்களுக்கு ஏலக்காய், முந்திரிகை, காய்ந்த திராட்சை எல்லாம் கொடுப்பவர் ஒரு முஸ்லிம் கடைக்காரர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். எதற்கு இத்தனை ஏலக்காய் என்று அவர் கேட்டபோது வைன் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பேச்ச இங்க எடுக்காத தங்கச்சி. ஏலக்கா எவ்வளவு வேணும், அத மட்டும் சொல்லு" என்றார். பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து பங்களாவுக்கு, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் வந்தது. அதன் தித்திப்புக்கு முன்னால் வைன் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அன்றைக்குத் தொரசாணி வைனைத் தள்ளிவிட்டு வட்டலப்பத்தை முடித்தார்.

அந்த வைன் என்ன பழத்தில் செய்தது என்று ஒருமுறை கேட்டேன். ஒரு பழம் இல்லை என்றார். அவர் அப்பாவின் தோட்டத்தில் பல சாதிக் கொடிகள் கலந்து நின்றனவாம். வாசக்கொடி, புளிப்புக்கொடி, விளைச்சல் கொடி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து ஒன்றாகப் பிழிவார்களாம். பணக்காரர்கள் தனித்தனியாகச் செய்வார்கள், இது வீட்டுக்குக் குடிக்கிற வைன் என்றார்.

"உங்க ஊர் பிரான்சா, ஜெர்மனியாங்க?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா பொறந்தாங்க, அது ஜெர்மனி. நான் பொறந்தேன், கொஞ்ச நாள்ல பிரான்ஸ். சண்டை வந்தாங்க, மறுபடி ஜெர்மனி. இப்ப பிரான்ஸ். நாங்க வீடு மாறல."

இதை லயத்துக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாலில்லாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "அவங்களுக்கு நாடு மாறிக்கிட்டாவது இருந்திச்சு. நமக்கு அதுவும் இல்லையே" என்றார்.

அவருடைய பிரச்சினை இதுதான். பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டுமென்றால் கல்யாணமான ஆள் இத்தனை வருஷம் விடாமல் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். சண்டைக் காலத்தில் அவர் அம்மா திருச்சிப் பக்கத்தில் செத்துப்போனார். கொள்ளி வைக்கப் போன மனிதர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கப்பல் இல்லை, போகவும் வரவும் தடை. ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகித்தான் திரும்ப முடிந்தது. அந்த ஒன்றை வைத்து, இருப்பு முறிந்துவிட்டது என்றார்கள். விசாரணைக்கு நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் அலைந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு யாரையாவது சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். அவருக்குக் கிடைக்காவிட்டால் எனக்கும் இல்லை.

தொரசாணிக்கு இது தெரியவந்தபோது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அவருடைய அப்பாவும் செத்துப்போயிருந்தார். கொடிகளை யாரோ வாங்கிவிட்டார்கள். இனிமேல் அந்த வைன் வராது. மரப்பெட்டியில் மிச்சம் இருந்தது மூன்றே போத்தல்தான். அவற்றை அவர் தொடாமல் வைத்திருந்தார்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதரைத் தொரை கிளப்பில் சந்தித்தார். எங்கள் மாதிரி ஆட்களின் மனுக்களைத் தீர்மானிக்கிற வேலையில் மேலிடத்தில் இருந்தவர். தொரசாணி அதைக் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடச் சொன்னார். தொரை சந்தோஷப்பட்டார். வெளி ஆட்களோடு பேசாத பெண்சாதி முதல் தடவையாக விருந்து வைக்கிறேன் என்றதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு மட்டும் காரணத்தைச் சொன்னார். "அவங்க நல்லா சாப்பிடுவாங்க. வைன் குடிப்பாங்க. மனசு எளகும். அப்ப நான் பேசுறேன்."

"அந்த மூணு போத்தலுமாங்க?"

"மூணும்."

"வேணாங்கம்மா. விஸ்கி இருக்கே."

"விஸ்கி உங்க மீனோட சேர மாட்டாங்க" என்றார்.

சனிக்கிழமையே வேலை தொடங்கியது. கோவாச் சாடியை முன்பே போட்டு வைத்திருந்தோம். லீக்சை நான் ஆய்ந்தேன், அப்பு மாவைத் தேய்த்தார். ஞாயிறு விடிந்ததும் மஞ்சள் சோறு, கோழி, டிரவுட் பால்கறி, பறங்கிக்காய். மூன்று போத்தலையும் பீலியில் கட்டித் தொங்கவிட்டு, கயிறு அறுந்து போகுமோ என்று போய்ப் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் வரலாம் என்று பங்களாத் தோட்டத்தின் கடைசியில், சைப்ரஸ் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

அந்தப் பெரிய மனிதர் மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். குசினிப் பக்கம் வந்து அப்புவுக்கும் எனக்கும் தலையசைத்துவிட்டுத்தான் மேசைக்குப் போனார். சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார். லீக்ஸ் போட்டதை இரண்டாவது தடவையும் கேட்டார். வைனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மணந்தார், மூடிய கண்ணோடு குடித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற அப்பு ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நங்கி, இன்னொரு கிளாஸ் ஊத்தச் சொல்றார்" என்றார். என்னை அவர் தங்கச்சி என்ற பொருளில் நங்கி என்றுதான் கூப்பிடுவார். "மீன் முடியப்போகுது. நல்ல முகமா இருக்கு நங்கி."

நடந்துவிடும் என்று அந்தக் கொஞ்ச நேரம் நான் முழுசாக நம்பினேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். தொரசாணி என் தோளில் கை வைத்தார். தொரையின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. தொரசாணி இங்கிலீஷில் பேசினார். இந்தச் சாப்பாட்டைச் சமைத்தது இவர், பிறந்தது இந்த மலையில், இவர் அப்பா பிறந்ததும் இதே மலையில் என்று சொன்னது எனக்கு விளங்கியது.

விருந்தாளி என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "எந்த ஊர் உனக்கு?"

"இதே தோட்டந்தாங்க ஐயா."

"அது இல்ல. சொந்த ஊர்?"

"இதுதாங்க."

"அப்பா பொறந்தது பதிஞ்சிருக்கா?"

அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளையை யார் பதிந்தார்கள்? தொரசாணி என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னார். சண்டை, அம்மா சாவு, கப்பல் இல்லாதது எல்லாவற்றையும் அவசரமில்லாமல், பாடம் பண்ணி வைத்தது போலச் சொன்னார். விருந்தாளி முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து மெதுவாகப் பதில் சொன்னார். வருஷக் கணக்கு முறிந்தால் முறிந்ததுதான். கப்பல் இல்லை என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஓர் ஆளுக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும்.

"அவங்க அம்மா செத்துட்டாங்க" என்று தொரசாணி தமிழில் சொன்னார். அங்கே தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

"வருத்தமான விஷயம்தான் மேடம்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறுதலாகவே சொன்னார். "இந்தக் கைப்பக்குவத்துக்கு இந்தியாவுல பெரிய ஹோட்டல்காரன் எவனும் உன்ன விடமாட்டான். அங்க போனா நல்லா இருப்ப."

நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தலவாக்கலையைத் தாண்டிப் போனதே இரண்டு தடவைதான்.

தொரை சட்டென்று மழையைப் பற்றியும் கொழுந்து விலையைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். தொரசாணி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்றாவது போத்தல் திறந்து பாதியில் நின்றது. ஆண்கள் இருவரும் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

குசினியில் அப்பு என்னை உட்கார வைத்தார். "நங்கி, நீ என் சொந்தத் தங்கச்சின்னு நான் போய்ச் சத்தியம் பண்ணட்டுமா?" என்று கேட்டார். கேலி பண்ணவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். சைப்ரஸ் மரத்தடியில் போய் என் வீட்டுக்காரரிடம், வீட்டுக்குப் போங்க என்றேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் தொரை குசினி வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "தொரசாணி இனிமே குசினிக்கு வராது. நீ உன் வேலையப் பாரு" என்றார். வேலைக்காரியை விருந்தாளி முன்னால் நிறுத்தி மனுக் கொடுக்க வைத்தது கிளப்பில் பேச்சாகிவிட்டதாம். அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அதே வருஷ மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் மனு தள்ளுபடி என்று முடிவு வந்தது. தோட்டத்து ஆபிசில் கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். நாங்கள் எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் கேட்டபிறகு இரண்டு பேராலும் சோறு சாப்பிட முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொரசாணி எங்கள் லயத்துக்கு வந்தார். ஒரு தொரசாணி லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சனங்கள் கோடியில் கூடி நின்றார்கள். குனிந்து உள்ளே வந்து, நாங்கள் போட்ட சாக்கில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றார்.

"மன்னிச்சிருங்க. நான் பேசினது உங்களுக்குக் கெடுதல் ஆச்சு."

"அதெல்லாம் இல்லீங்க தொரசாணி. பேசாட்டியும் இதுதான் நடந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது உண்மை. தொரசாணியைத் தேற்றத்தான் அதைச் சொன்னார். தொரசாணிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. சாயத்தண்ணியும் ஒரு துண்டு சக்கரையும் கொடுத்தோம். சக்கரையை எப்படிக் கடித்துக்கொண்டு குடிப்பது என்று கேட்டு, அப்படியே குடித்தார். போகும்போது என் கோணல் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

தொரையின் கட்டளையை அவர் நேராக மீறவில்லை. ஆனால் குதிரைலாயத்துக்குப் பக்கத்தில் சாமான் அறை ஒன்று இருந்தது. அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்துத் திராட்சை ஒரு கூடை ரயிலில் வரவழைத்து, என்னை அங்கே கூப்பிட்டார். கறுப்புத் திராட்சை. தோல் நிறம் இறங்காமல் மெதுவாகப் பிழியச் சொன்னார். துணியில் கட்டிப் பிழிந்து, கோவா போடுகிற சாடியிலேயே ஊற்றி வைத்தோம். வாசத்துக்கு ரோசா இதழும் நாரத்தைத் தோலும் போடலாமா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "போடுங்க" என்றார். அப்படி யாரும் வைன் செய்ய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் போடச் சொன்னார்.

தினமும் மூடியைத் தூக்கி மணந்து பார்ப்போம். நுரைத்தது. ஒரு வாரம் நல்ல வாசம்கூட வந்தது. பிறகு அடைமழை. திறந்து பார்த்த ஒருநாள் மூக்கில் ஏறியது வினாகிரி நெடி. தொரசாணி ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, முதலில் சிரித்தார். அப்புறம் சாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் தம்பிக்காகத்தான் அழுதாரா, அப்பாவுக்காகவா, எங்களுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அப்பு அதை எடுத்துப் போய் வெங்காய ஊறுகாய் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பாடு மறுபடி குறைந்தது. அவித்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டு சாப்பிடுவார். நான் பால்கறி வைத்து அப்பு கையில் கொடுத்தனுப்பினால், தொரை முன்னால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் தமிழும் குறைந்துபோனது. வராந்தாவில் உட்கார்ந்து கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். என்னைக் கண்டால் கையைத் தூக்குவார். மெலிந்த கை.

கம்பெனி தோட்டத்தை விற்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஐம்பதுகள் முடிவதற்குள் தொரை வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். தொரசாணிக்கு இங்கிலாந்தில் யாரும் இல்லை. தன் ஊரிலும் அப்போது வீடு இல்லை. கார் வாசலில் நின்றபோது வேலைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். என் முன்னால் வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொரை காரின் ஹோர்னை அடித்தார். தொரசாணி போய் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாரிடமும் கேட்க வழியில்லை.

புதிதாக வந்த தொரை கொழும்பிலிருந்து தன் சமையல் ஆட்களைக் கொண்டுவந்தார். அப்பு ஊருக்குப் போய்விட்டார். என்னை மறுபடி வெளிவேலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து மலைக்கு ஏற முடியாததால் ரோட்டோரத்தில் புல் வெட்டப் போட்டார்கள். முழு ஆளின் வேலை முடியாததால் பாதிப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மழையில் நனைந்து நனைந்து முழங்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது.

அறுபத்து நாலில் இலங்கையும் இந்தியாவுமாக இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று. தொழிற்சங்கத்து ஆட்கள் லயம் லயமாக வந்து, எந்தப் பக்கம் மனுப் போடப் போறீங்க என்று கேட்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ராத்திரி பகலாக இதையே பேசினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்த வீடுகள் இருந்தன.

என் வீட்டுக்காரர் எதற்கும் போட மாட்டேன் என்றார்.

"ஒண்ணுக்காவது போட்டு வைங்களேன். நாளைக்கு யாரும் கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

"ஒரு தடவ கேட்டாச்சு. நீ இந்த ஊரு ஆள் இல்லன்னுட்டாங்க. இப்ப போய், நான் அந்த ஊரு ஆளுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? முடியாது."

"அப்ப எங்கதான் இருக்கப் போறோம்?"

அடுத்த வருஷம் தென்மேற்கு மழையில் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த வெள்ளைத் தண்ணி ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டோம். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு நானுஓயாவுக்குப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. சாவைப் பதிய வந்தவர் நாட்டினம் என்ன என்று கேட்டார். நான் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

நான் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தேன். விருப்பத்தோடு இல்லை. தனி ஆளுக்குக் காம்பரா கொடுக்க மாட்டோம் என்று தோட்டத்து ஆபிசில் சொல்லிவிட்டார்கள். அங்கே எனக்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். முறை வர வருஷக்கணக்காகும் என்றார்கள்; எழுதிக் கொடுத்ததால் அதுவரை காம்பராவில் இருக்க விட்டார்கள். முன்னால் போகிறவர்களை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போனேன். ரயில் நகரும்போது எழுகிற அழுகையைக் கேட்க முடியாமல் அப்புறம் போகவில்லை.

காத்திருந்த அந்த வருஷங்களில் புல் வெட்டிவிட்டு வந்து எனக்கு மட்டும் அடுப்பு மூட்டுவேன். எதையும் ருசி பார்த்துச் சமைத்ததாக ஞாபகம் இல்லை. தேங்காய் வாங்குவதை விட்டுவிட்டேன். சோறு வெந்ததும் உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.